கடிதத்தை ஒதுக்கியது யார்?



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த நாளில் கடிதம் வந்து சேர்ந்த வழி நினைவிருக்கும். தபால் பை நேரே லயத்துக்கு வராது. தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். அங்கே கிராணியார் கடிதங்களை வகைப்படுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒரு கடிதம் அவருடைய மேசையின் மூலையில் தங்கிவிட்டால், கடிதமே வரவில்லை என்றுதான் நாம் நினைத்துக்கொள்வோம். அது ஊரிலிருந்து வந்த துக்கச் செய்தியாக இருக்கலாம். பிள்ளைக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பாகவும் இருக்கலாம். ஆகவே, எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். எது முன்னால், எது பின்னால் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இருந்தது.

இன்று கணினியிலும் கைப்பேசியிலும் வரும் கடிதங்களுக்கும் அப்படி ஒரு கிராணியார் உண்டு. ஆனால் அவர் மனிதர் அல்லர், ஒரு நிரல். கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுப்பையே நிரல் என்கிறோம். அந்தக் கிராணியாரை நம்பி நாங்கள் பட்ட பாட்டையும், அதிலிருந்து கற்றுக்கொண்ட ஒரு பாடத்தையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நாங்கள் நால்வர். நிரல் எழுதுவது எங்கள் தொழில். பால்மரம் வெட்டுவோருக்குக் கத்தி எப்படியோ, அப்படி எங்களுக்குக் கணினி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலைக்குச் சம்பளக் கணக்குப் போடும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தோம். ஒரு மாதம், பொது விடுமுறையன்று வேலைக்கு வந்தவர்களின் கூலியை அந்த நிரல் சாதாரண நாள் கூலியாகவே கணக்கிட்டுவிட்டது. பிழை எங்களுடையது. தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அம்மையார் அதைக் கண்டுபிடித்து, உடனே எங்களுக்கு மின்னஞ்சல் எழுதினார்.

அன்று எங்கள் பெட்டியில் முந்நூறு கடிதங்களுக்கு மேல் கிடந்தன. விளம்பரங்கள், கூட்ட அறிவிப்புகள், கணினிகள் தாமாகவே அனுப்பும் அறிக்கைகள் ஆகியவற்றுக்கு நடுவே அம்மையாரின் கடிதமும் கிடந்தது. ஒன்பதாம் நாள்தான் அது எங்கள் கண்ணில் பட்டது. அதற்குள் சம்பள நாள் கடந்துவிட்டது. நாற்பது பேருக்குக் கூலி குறைந்துபோயிற்று. அடுத்த மாதச் சம்பளத்தில் நிலுவையைச் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் கடைக் கணக்கைத் தீர்க்க வேண்டியவருக்கு அடுத்த மாதம் என்பது எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

சம்பள நிரலில் இருந்த பிழையை ஒரு மணி நேரத்தில் திருத்திவிட்டோம். கடிதம் ஒன்பது நாள் கிடந்ததை எப்படித் திருத்துவது? இந்தக் கேள்விதான் எங்களை 'க்னூஸ்' என்னும் மென்பொருளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அது எப்படிப் பிறந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கணினி வலையமைப்பின் வழியே ஓர் இயந்திரத்திலிருந்து இன்னோர் இயந்திரத்துக்கு மின்னஞ்சல் அனுப்பும் முறையை 1971ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரே டாம்லின்சன் என்பவர் உருவாக்கினார். 1979ஆம் ஆண்டில் அதே நாட்டின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும் 'யூஸ்நெட்' என்னும் திட்டத்தை வகுத்தார்கள். யூஸ்நெட் என்பது ஊர்ப் பொது அறிவிப்புப் பலகையைப் போன்றது. ஒருவர் எழுதி ஒட்டுவார்; வலையமைப்பில் உள்ள அனைவரும் வாசிப்பார்கள்; விரும்பியவர் பதில் எழுதி ஒட்டுவார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பலகை. அதைச் செய்திக்குழு என்பார்கள். சில ஆண்டுகளில் பலகைகளும் பெருகின, எழுதுவோரும் பெருகினர். எல்லாவற்றையும் ஒருவர் வாசித்து முடிப்பது நடவாத காரியம் ஆயிற்று.

ஆகவே, கடித வெள்ளத்தைச் சமாளிக்கும் வழியை முதலில் தேட வேண்டியிருந்தவர்கள் செய்திக்குழு வாசகர்களே. ஜப்பானியரான மசனோபு உமெடா, 1980களின் பிற்பகுதியில் க்னூஸ் என்னும் செய்தி வாசிப்பு நிரலை எழுதினார். 1994ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நார்வே நாட்டு இளைஞர் லார்ஸ் மாக்னே இங்கப்ரிக்ட்சன் அதைத் தொடக்கத்திலிருந்து புதிதாக எழுதத் தொடங்கி, 1995இல் வெளியிட்டார். மின்னஞ்சலையும் செய்திக்குழுவைப் போலவே கையாளலாம் என்பது இந்தப் புதிய க்னூஸின் அடிப்படையான எண்ணங்களில் ஒன்று.

இதில் என்ன நன்மை என்று கேட்பீர்கள். சாதாரண அஞ்சல் பெட்டியில் வாசித்ததும் வாசிக்காததும் ஒரே குவியலாகக் கிடக்கும். க்னூஸ் அப்படி விடுவதில்லை. வரும் கடிதங்களை நாம் சொன்ன விதிப்படி தனித்தனிக் குழுக்களில் போட்டுவிடும். வாசிக்காத கடிதம் உள்ள குழுக்களை மட்டும், எத்தனை கடிதம் என்ற எண்ணிக்கையோடு காட்டும். வாசித்து முடித்த கடிதம் கண்ணை விட்டு விலகிக்கொள்ளும். அழிந்துவிடாது, கேட்டால் வரும். எந்தக் குழு முக்கியம் என்று 1 முதல் 9 வரை படி வகுத்தும் வைக்கலாம்.

இவற்றைவிட முக்கியமானது மதிப்பெண் முறை. ஒவ்வொரு கடிதமும் பூச்சியம் மதிப்பெண்ணோடு வருகிறது. இன்னார் எழுதினால் 1000 கூட்டு, இன்ன தலைப்பில் வந்தால் 1000 கழி என்று நாம் விதி எழுதலாம். மதிப்பெண் பூச்சியத்துக்குக் கீழே போன கடிதத்தை, வாசித்தாகிவிட்டது என்று குறித்து க்னூஸ் ஒதுக்கிவிடும்.

இந்த மென்பொருள் தனியாக இயங்குவதன்று. ஈமாக்ஸ் என்னும் எழுத்துக் கருவிக்குள் இருந்துகொண்டு வேலை செய்கிறது. இன்றும் அதோடு சேர்ந்தே வருகிறது. க்னூ ஈமாக்ஸை 1985இல் வெளியிட்டவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். மென்பொருளைப் பயன்படுத்துகிறவருக்கு அதன் உள்ளே பார்க்கவும், மாற்றவும், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும் உரிமை இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே க்னூஸின் மூலநிரல், அதாவது அதை எழுதியவர்கள் எழுதிய அதே வரிகள், யார் வேண்டுமானாலும் வாசிக்கும்படி திறந்து கிடக்கின்றன. அதைப் பெறுவதற்கு விலையும் கொடுக்க வேண்டியதில்லை.

விலை இல்லை என்றாலும் உழைப்பு உண்டு. க்னூஸ் எளிதில் வசப்படுவதில்லை. அதன் கையேடு ஒரு பெரிய புத்தகம். படங்களைத் தொட்டு வேலை வாங்க முடியாது என்றில்லை. ஆனால் அதன் முழுப் பலனும் விசைப்பலகையில்தான் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் பழைய பெட்டியே மேல் என்று எங்களில் இருவர் முணுமுணுத்தார்கள். ஒரு மாதம் கழித்து, முந்நூறு கடிதங்களை வகை பார்த்து முடிக்க எங்களுக்கு அரை மணி நேரம் போதுமாயிற்று. தேர்ந்தவர்கள் ஆகிவிட்டோம் என்று நினைத்தோம்.

அந்த நினைப்பில்தான் அடுத்த தவறைச் செய்தோம்.

க்னூஸில் தானாகக் கற்றுக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. நாமாக விரும்பி இயக்கினால் மட்டுமே அது வேலை செய்யும். நாம் எதை வாசிக்கிறோம், எதைத் தொடாமல் விடுகிறோம் என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். வாசித்தால் எழுதியவருக்குச் சில மதிப்பெண் கூடும். வாசிக்காமல் விட்டால் ஒன்று குறையும். விதி எழுதும் வேலை மிச்சம் என்று நாங்கள் அதை இயக்கிவிட்டோம்.

மாலையில் வேலை முடித்துப் புறப்படும்போது, மீதியுள்ள கடிதங்களை எல்லாம் வாசித்ததாகக் குறித்துவிடும் விசை ஒன்றைத் தட்டுவது எங்கள் வழக்கம். இதற்கிடையில் தொழிற்சாலை அம்மையார் வாரந்தோறும் ஒரு வரிக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார். 'இந்த வாரக் கணக்கு சரி' என்பதே செய்தி. தலைப்பிலேயே செய்தி தெரிந்துவிடுவதால் நாங்கள் அதைத் திறப்பதில்லை. மாலையில் விசையைத் தட்டுவோம். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் கணக்கில் ஒரு மதிப்பெண் குறைந்துகொண்டே வந்தது. முன்பு அவர் பெற்றிருந்த சில மதிப்பெண்ணும் கரைந்து, ஒரு நாள் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசி மணி அடித்தது.

"தம்பி, ரெண்டு கடிதம் போட்டேனே, பார்க்கலையா? புதுசா சேர்ந்தவங்களுக்குப் படிக்காசு விட்டுப்போயிருக்கு. திங்கட்கிழமை சம்பளம்" என்றார் அம்மையார்.

"கடிதம் ஏதும் வரலையேம்மா" என்றார் எங்களில் ஒருவர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குக் கடிதம் வரவில்லை.

பழைய கடிதங்களையும் காட்டச் சொல்லித் தேடினோம். இரண்டு கடிதங்களும் இருந்தன. இரண்டும் 'வாசித்தாயிற்று' என்ற குறியோடு கிடந்தன. நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யார் வாசித்தது? யாரும் வாசிக்கவில்லை.

க்னூஸில் ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு கடிதத்தின் மேல் நின்றுகொண்டு, 'இதற்கு இந்த மதிப்பெண் எந்த விதியால் வந்தது?' என்று கேட்கலாம். அது மழுப்பாது. எந்தக் கோப்பில் உள்ள எந்த வரி, எத்தனை மதிப்பெண் என்று எடுத்துக் காட்டும். கேட்டோம். அம்மையாரின் முகவரியும், அதற்கு எதிரே ஒரு கழித்தல் குறியும் எண்ணும் திரையில் வந்தன. அந்த எண்ணை எழுதியது இயந்திரம். எழுத வைத்தது, மாலைதோறும் நாங்கள் தட்டிய விசை.

அன்று இரவே படிக்காசுக் கணக்கைத் திருத்தினோம். திங்கட்கிழமை கூலி குறையாமல் போய்ச் சேர்ந்தது. அம்மையார் தொலைபேசியை எடுத்ததால் தப்பித்தோம். பிறகு எங்கள் கிராணியாரைத் திருத்த உட்கார்ந்தோம். வாசிக்காமல் விட்ட கடிதத்துக்காக எழுதியவரின் மதிப்பெண்ணைக் குறைக்கும் பகுதியை நீக்கினோம். கூலி சம்பந்தமாக எழுதுகிறவர்களின் கடிதங்களுக்கு 1000 கூட்டும் நிரந்தர விதி ஒன்றை எழுதினோம். சில வரிகள்தாம். வெள்ளிக்கிழமைதோறும், ஒதுக்கப்பட்ட கடிதங்களின் பட்டியலை எங்களில் ஒருவர் கண்ணால் பார்ப்பது என்றும் முறை வைத்துக்கொண்டோம். அந்தக் கடைசி வேலைக்கு எந்த நிரலும் தேவைப்படவில்லை.

நேயர்களே, இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? பிழை செய்யாத கிராணியார் மனிதரிலும் இல்லை, இயந்திரத்திலும் இல்லை. சம்பளச் சீட்டில் பத்து வெள்ளி பிடித்தம் இருந்தால், ஏன் என்று கேட்கிறோம். கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறவரோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். புத்தகத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு 'கணக்கு அப்படித்தான்' என்கிறவரிடம் என்ன செய்ய முடியும்? க்னூஸ் புத்தகத்தைத் திறந்து காட்டியது. அதனால்தான் எங்கள் தவறு எங்களுக்குத் தெரிந்தது. தெரிந்ததனால்தான் திருத்த முடிந்தது.

இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியில் எந்தச் செய்தி முதலில் வர வேண்டும், எந்தப் படம் வர வேண்டும் என்று முடிவு செய்யும் நிரல்கள் பல. அவற்றிலும் நம் கைப்பழக்கத்தைக் கவனித்து மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை உள்ளே திறந்து பார்க்க இடம் தருவதில்லை. காட்டியதுதான் உலகம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது.

எல்லாரும் க்னூஸைக் கற்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் மூன்று காரியங்களை எல்லாராலும் செய்ய முடியும். ஒன்று, வாரம் ஒரு முறை உங்கள் மின்னஞ்சலில் உள்ள குப்பைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பள்ளியிலிருந்தோ வேலைக்கு விண்ணப்பித்த இடத்திலிருந்தோ வந்த கடிதம் அங்கே ஒதுங்கிக் கிடக்கலாம். இரண்டு, முக்கியமானவர்களின் கடிதங்களைத் தனியே எடுத்து வைக்கும் விதியை எழுதப் பெரும்பாலான அஞ்சல் சேவைகளில் வசதி உண்டு. பிள்ளைகளைக் கொண்டு அதைச் செய்துகொள்ளுங்கள். மூன்று, பதில் வராத கடிதத்துக்காக மனம் சோர்ந்துவிடாமல், அந்த அம்மையாரைப் போலத் தொலைபேசியை எடுத்து ஒரு வார்த்தை கேளுங்கள்.

கணினித் துறையில் படிக்கப் போகும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். எந்தக் கருவி கைக்கு வந்தாலும், அது என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டு நின்றுவிட வேண்டாம். ஏன் அப்படிச் செய்கிறது என்றும் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கருவிகளைத் தேடிப் படிக்கட்டும். நாளைக்கு யாருடைய கூலிக் கணக்கோ அவர்கள் எழுதும் நிரலில்தான் இருக்கும்.