எந்த ஈ.ஸி. இருக்கிறது?

வக்கீல் என்றால் நீளமாகப் பேசுவான் என்று பயப்பட வேண்டாம்.

நம்ம செட் நண்பர் ஒருவர் பி.எஃப். பணம் முழுவதையும் போட்டு அடுக்குமாடியில் வீடு வாங்கிவிட்டு என்னிடம் வந்தார். "ஈ.ஸி. இருக்கா?" என்றேன். "முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்துட்டேன்டா, சுத்தமா இருக்கு" என்றார். அவர் சொன்னது வில்லங்கச் சான்று. நான் கேட்டது சுற்றுச்சூழல் அனுமதி. இரண்டுக்கும் ஒரே சுருக்கம், என்ன செய்வது! 2006ஆம் வருட அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர், வேலை தொடங்கும் முன்பே அதை வாங்கியாக வேண்டும். வில்லங்கச் சான்றில் இதெல்லாம் வராது. நண்பரின் கட்டடம் அந்த அளவைத் தாண்டியது, அனுமதி இல்லை.

கொச்சி மரடில் கடலோர விதியை மீறிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்களே, அங்கே வாங்கியவர்களும் முறைப்படி பத்திரம் பதிந்தவர்கள்தான்.

சென்னையிலேயே பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. வக்கீல் வைக்காமல் நீங்களே ஆஜராகலாம் (எனக்குத்தான் நஷ்டம்). ஆனால் பிரச்சனை எழுந்த ஆறு மாதத்துக்குள் போகணும். தக்க காரணம் இருந்தால் இன்னும் அறுபது நாள். நண்பர் வந்ததோ பதினாலாவது மாதம்! கட்டியவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷ அவகாசம் உண்டு. அங்கே மனு போட்டிருக்கிறோம். அவர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.