ஆறு செய்த குற்றம் என்ன?

(காட்டுப்பாக்கத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தக் காட்டுப்பாக்கத்திற்கு வடக்கே, திருவேற்காட்டை ஒட்டி ஓடுகிறது கூவம். பெயரைக் கேட்டதுமே முகத்தைச் சுளிக்கிறீர்கள். சுளியுங்கள், ஆனால், அந்த நாற்றத்துக்கு யார் பொறுப்பு என்றும் கேளுங்கள்!

திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்றோர் சிற்றூர். சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் அதுதான். அவ்வூரின் பெயரைத் தாங்கி, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நடந்து, நேப்பியர் பாலத்தருகே கடலைச் சேரும் சின்னஞ்சிறு ஆறு இது. மழை பெய்தால் பெருகும். பொய்த்தால் மணலாய்க் கிடக்கும். ஏரிகளின் உபரிநீரைச் சுமப்பதே அதன் வேலை.

அந்த நீர் எங்கே போயிற்று? கேசவரம் அணைக்கட்டில் வெள்ளம் இரு கிளையாகிறது. ஒன்று கூவத்துக்கு, மற்றொன்று கொசஸ்தலையாற்றின் வழியே பூண்டிக்கு. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தபின், சென்னையின் தாகத்துக்கே முதலிடம். அதையும் தப்பி வரும் வெள்ளத்தைக் கொரட்டூரில் 1876இல் கட்டிய அணைக்கட்டு மறித்து, புதுப் பங்காருக் கால்வாய் வழியே செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்புகிறது. அந்த ஏரிநீரும் சென்னையின் குடிநீரே! குடிப்பது தவறா? இல்லை. குடித்த பின் எதைத் திருப்பித் தருகிறோம் என்பதே வழக்கு.

1961இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வேலை வந்தது, வாழ்வு வந்தது, வரவேற்றோம். மனைகள் பெருகின, மாடிகள் உயர்ந்தன. பாதாளச் சாக்கடை மட்டும் பல்லாண்டு பின்தங்கி நின்றது. பள்ளத்தைத் தேடிய கழிவுநீர் ஆற்றைக் கண்டுகொண்டது. மேலே நன்னீரை எடுத்தோம். கீழே கழிவை நிரப்பினோம்.

அண்ணா முதலமைச்சராயிருந்த 1967இல் கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கிற்று. 1970-களின் தொடக்கத்தில் படகும் விடப்பட்டது. படகு நின்றுபோனதை எண்ணி நகைப்போர் உண்டு. நகைக்கட்டும். சாக்கடை வாய்களை அடைக்காமல் ஆற்றை அழகுபடுத்த முடியாது என்பதை நமக்கு நாமே ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

இன்றோ, கூவத்தைச் சீர்செய்வதென்றதும் முதலில் கண்ணில் படுவது கரையோரக் குடிசை! கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்து அனுப்பப்பட்ட ஏழைகள் எத்தனை பேர்! ஓலைக்கூரையின் கீழே குளித்த ஒரு குடம் நீரா இந்த ஆற்றைக் கறுப்பாக்கிற்று? அடுக்குமாடியின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று எவரேனும் கேட்டதுண்டா?

நாளைக் காலை மதுரவாயல் பாலத்தின் மேல் நில்லுங்கள், தோழர்களே. கரையில் திறந்திருக்கும் குழாய்வாய்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் எந்தத் தெருவிலிருந்து வருகிறதென்று தேடிப் பிடியுங்கள். அந்தக் கணக்கோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.