நடந்தபடியே பின்னிய தாய்மார்கள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஓயாத காற்றின் நடுவே கிடக்கும் ஷெட்லாந்துத் தீவுகளில், கணவன்மார் மீன்பிடிக்கக் கடலுக்குச் சென்றிருந்த காலங்களில், வயலையும் பசுவையும் குழந்தைகளையும் தாமே பராமரித்த தாய்மார்கள், அடுப்பெரிக்கும் சதுப்புநிலக் கரியைக் கூடையில் முதுகிலே சுமந்து வரும் வழியிலும் கம்பளி நூலும் ஊசியுமாகப் பின்னிக்கொண்டே நடந்தார்கள் என்பதற்குப் பழைய புகைப்படங்கள் சாட்சி. இதைச் சாத்தியமாக்கியது இடுப்பில் கட்டிய ஒரு தோல்வார். குதிரைமயிர் அடைத்த அதன் சிறு திண்டில் உள்ள துவாரங்களுள் ஒன்றில் ஊசியின் முனையைச் செருகிவிட்டால், ஊசி அசையாது நிற்க, வலக்கை நூலை விரைந்து ஓட்டும்.

பிரிட்டிஷ் மீனவக் குடும்பங்களின் ஸ்வெட்டர்களில் கைப்பகுதியைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னுவது வழக்கம். முழங்கை தேய்ந்தால் அவ்வளவையும் பிரித்துப் புதிதாகப் பின்னலாம், வளரும் பிள்ளைக்கு நீளம் போதாவிட்டாலும் அதே உபாயந்தான். எத்தகைய முன்யோசனை!

ஆயினும் ஷெட்லாந்துத் தீவுகளில் விற்பனைக்காகப் பின்னிய பெண்களுக்கு வியாபாரிகள் பெரும்பாலும் ரொக்கம் கொடாமல், தேயிலை, துணி முதலிய சரக்குகளையே கூலியாக அளித்து வந்தார்கள். மனம் பொறுக்காத அநியாயம் அது. இம்முறை குறித்து 1872-ல் நடந்த அரசாங்க விசாரணையில் அப்பெண்கள் பலர் நேரில் வந்து, தம் வாயாலேயே சாட்சியம் சொன்னார்கள்.