கறிவேப்பிலை மஞ்சளானால் எறியாதீர்கள்



குளிர் தொடங்கினால் குரோய்டனில் எனக்குத் தெரிந்த வீடுகளிலிருந்து ஒரே கேள்விதான் வரும். "மாஸ்டர், கறிவேப்பிலை மஞ்சளாகிக் கொட்டுது. செத்துப்போச்சோ? எறியிறதோ?"

இலையுதிர் காலத்தில் லொயிட் பூங்காப் பக்கம் போய்ப் பாருங்கள். மஞ்சளாகி நிற்கும் மரங்கள் சாகவில்லை. இலையைக் காலி செய்கின்றன. அந்த வேலையைச் செய்பவை நொதியங்கள்.

பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. ஒரு நொதியம் அதைக் கழற்றினால்தான் பச்சை குலையும். மெண்டல் 1866இல் எழுதிய மஞ்சள் பட்டாணி, பச்சைப் பட்டாணிக் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த நிற வேறுபாட்டுக்குரிய மரபணு 2007இல் இனங்காணப்பட்டது. வேல்ஸின் அபெரிஸ்ட்வித் ஆய்வாளர்களுக்கும் அதில் பங்குண்டு. அது மக்னீசியத்தைக் கழற்றும் நொதியத்துக்குரியது என்பது 2016இல் ஜப்பானிய ஆய்வில் தெரியவந்தது. ஆக, மெண்டலின் பச்சைப் பட்டாணி அந்த நொதியம் சரிவர வேலை செய்யாத பட்டாணி.

ஆனால் மரத்துக்கு முக்கியம் நிறமல்ல, இலைப் புரதத்தில் இருக்கும் நைதரசன். அந்தப் புரதத்தை வெட்டும் நொதியங்களில் பல, பப்பாசிப் பாலில் உள்ள பப்பெயினின் குடும்பம். ஆட்டிறைச்சி மெதுவாக வரட்டும் என்று அம்மா ஒரு துண்டு பப்பாசிக்காய் போடுவாவே, அதே வேலைதான். வெட்டிய துண்டுகள் நரம்பு வழியே தண்டுக்குப் போய், வசந்தத்தில் தளிராகத் திரும்பும்.

இதில் ஒரு ஒழுங்கு உண்டு. பச்சையவுருமணிகள் முதலில் பிரிக்கப்படும். கருவும், சக்தி தரும் இழைமணிகளும் கடைசிவரை இருக்கும். அவை இல்லாமல் வேலை நடக்காது. பிறகுதான் புன்வெற்றிடம் உடைந்து கலம் இறக்கும். காம்படியில் வேறு நொதியங்கள் கலச்சுவரை இளக்க, இலை விழும்.

இனிக் கறிவேப்பிலை. மஞ்சளாகும் இலையைப் பிடுங்காதீர்கள், தானாக விழட்டும். பச்சையாகவே கொட்டினால் கன்றுக்கு இலையைக் காலி செய்ய நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்; திடீர்க் குளிர் பட்டிருக்கலாம், யன்னலடியைக் கவனியுங்கள். தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இலையில்லாக் கன்று அதிகம் தண்ணீர் குடிக்காது. ஊற்றினால் வேர் அழுகும். வெளிச்சமான இடத்தில், ஹீட்டருக்குத் தள்ளி வையுங்கள். வைகாசி வரைக்கும் பொறுத்திருங்கள்.