இலக்குக் கைத்துப்பாக்கியும் அதன் தோட்டாவும்

கைத்துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் காவலரின் இடைவாரும் திரைப்பட வில்லனின் கையும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால், எவரையும் அச்சுறுத்தவென்றோ எதனையும் வீழ்த்தவென்றோ ஆக்கப்படாத ஒரு கைத்துப்பாக்கி இனமும் உலகில் உண்டு. 25 மீற்றர் தூரத்தில் நிறுத்தப்பட்ட ஒரு கடதாசி அட்டையைத் தவிர அதற்கு வேறு பகை இல்லை. அவ்வட்டையின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் 50 மில்லிமீற்றர் குறுக்களவு கொண்டது. ஏறக்குறைய ஒரு தேசிக்காயின் அளவு. ஒற்றைக் கையை நீட்டி, மறு கையின் துணையின்றி, அத்தேசிக்காயை மீண்டும் மீண்டும் துளைப்பதே சுடுவோனின் வேலை.

இத்துறையிலுள்ள போட்டிகளுள் மையவெடிப்புக் கைத்துப்பாக்கிப் போட்டி என ஒன்று உண்டு. சிறிய .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் அடிவிளிம்பினுள் இருக்கும். பெரிய தோட்டாக்களில் அது அடியின் மையத்தில் இருக்கும். பெயரின் காரணம் இதுவே. மொத்தம் 60 குண்டுகள், நிறைபுள்ளி 600. முதற் பாதியில் 5 நிமிடத்துக்கு 5 குண்டாக ஆறு முறை, ஆற அமரச் சுடலாம். இரண்டாம் பாதியில் இலக்கு 3 வினாடி முகங்காட்டி, 7 வினாடி திரும்பி நிற்கும். ஒவ்வொரு முறை முகங்காட்டும்போதும் தாழ்த்திய கையை உயர்த்தி ஒரு குண்டு சுடவேண்டும். இப்பகுதியிற் பத்தின் வட்டம் 100 மில்லிமீற்றராக விரிந்தாலும், சுருங்கிய காலம் அச்சலுகையை விழுங்கிவிடுகிறது. 2006 இல் டோஹா நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியாவின் ஜஸ்பால் ராணா இப்போட்டியில் 590 புள்ளி பெற்று அன்றைய உலகச் சாதனையைச் சமப்படுத்தினார். அறுபது குண்டுகளிலும் அவர் இழந்தவை பத்துப் புள்ளிகள் மாத்திரமே. போட்டி எத்துணை நெருக்கமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இத்தகைய போட்டிக்கு ஒருவர் துப்பாக்கி வாங்கப் புகும்போது முதலில் எதனைத் தெரிவது? பெரும்பாலோர் துப்பாக்கியின் பெயரையும் தோற்றத்தையும் பார்த்துத் தொடங்குகின்றனர். அனுபவமுள்ளோர் தோட்டாவிலிருந்து தொடங்குவர். தோட்டா இன்னதெனத் தீர்ந்தால், குழல் நிலையாக நிற்குமா அசையுமா, கூட்டில் எத்தனை தோட்டா கொள்ளும், கைக்கு எவ்வளவு உதைப்பு வரும் என்பனவெல்லாம் பெரும்பாலும் தாமாகவே தீர்ந்துவிடும்.

விதி கொடுக்கும் இடம் விசாலமானது. குழல்விட்டம் 7.62 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் 9.65 மில்லிமீற்றருக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். துப்பாக்கி 1400 கிராமுக்கு மேல் நிறுக்கக் கூடாது; விசையோ 1000 கிராம் பாரத்தைத் தாங்கவேண்டும். இவ்வெல்லைக்குள் உலகெங்கும் படைகள் கையாளும் 9 மில்லிமீற்றர்த் தோட்டாவும் அடங்கும். அது எங்கும் கிடைப்பது, விலையும் மலிவு. ஆயினும், மேல்நிலைப் போட்டிகளில் சுடுவோர் பலரும் அதனை விடுத்து, கடைகளில் அருமையாகக் காணப்படும் ஒரு பழந்தோட்டாவையே நாடுகின்றனர். அதன் பெயர் .32 சிமித் அன்ட் வெசன் லோங்.

இத்தோட்டாவின் பிறப்பு 1896 இல். அமெரிக்காவின் சிமித் அன்ட் வெசன் நிறுவனத்தார் தம் சிறிய ரிவோல்வருக்காக இதனை ஆக்கினர். அதே ஆண்டில் நியூயோர்க் நகரக் காவற்றுறை ஆணைக்குழுவின் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பின்னாளிற் குடியரசுத் தலைவரானவர், தம் காவலருக்கு .32 அளவுள்ள கோல்ட் ரிவோல்வரைத் தெரிந்தெடுத்தார். கோல்ட் நிறுவனத்தாரோ போட்டி நிறுவனத்தின் பெயரைத் தம் பொருளிற் பொறிக்க மனம் ஒப்பாது, குண்டின் முனையைச் சற்றுத் தட்டையாக்கி, அதே தோட்டாவை வேறு பெயரால் வழங்கினர். வணிகர் உலகில் இது புதுமையன்று. காலப்போக்கிற் காவலருக்கு இதன் வலிமை போதாதெனக் கருதப்பட்டது, பெரிய தோட்டாக்கள் வந்தன, இது ஒதுங்கியது. இந்தியாவில் மட்டும் நிலைமை வேறு. படைத்துறைத் தோட்டாவகைகளைப் பொதுமக்கள் வைத்திருத்தல் அங்கே விலக்கப்பட்டமையால், அரசாங்கப் படைக்கலத் தொழிற்சாலை பொதுமக்களுக்கென ஆக்கிய ரிவோல்வர் இந்த .32 தோட்டாவையே ஏற்றது.

வலிமை போதாதென ஒதுக்கப்பட்ட அக்குணமே இலக்குச் சுடுவோனுக்கு வரமாயிற்று. ஏறக்குறைய 6.4 கிராம் நிறையுள்ள ஈயக் குண்டு வினாடிக்கு 230 மீற்றரளவு வேகத்திற் செல்கிறது. 9 மில்லிமீற்றர்ப் படைத் தோட்டாவின் ஆற்றலில் இது மூன்றிலொரு பங்களவே. கடதாசியைத் துளைக்க அதற்குமேல் வேண்டியதில்லை. உதைப்புப் பெரிதாயின், அதை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே இறுகும், கண் இமைக்கும். சுடுவோன் அதை உணர்வதுகூட இல்லை. அட்டையில் ஏழாம் வட்டத்தில் விழுந்த துளை உணர்த்தும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 1896 இல் வழக்கிலிருந்தது கரிமருந்து, அது பருமனானது. ஆதலின் தோட்டாவின் கோது நீளமாக அமைந்தது. இன்றைய புகையற்ற மருந்து கிராமின் பத்திலொரு பங்களவே போதுமாகையால், கோதினுள்ளே வெற்றிடம் எஞ்சுகிறது. அவ்விடத்துள் குண்டு முழுவதையும் அமிழ்த்திவிட முடிகிறது. அதன் முகம் தட்டையானது. கோதின் வாயோடு மட்டமாக நிற்கும். புதிதாகக் காண்போர் குண்டில்லாத வெறுங்கோதென்றே எண்ணுவர். இத்தட்டைமுகம் கடதாசியைக் கிழிக்காது, பணியார அச்சினால் வெட்டியதுபோல வட்டமாக வெட்டி எடுக்கிறது. துளையின் ஓரம் மேல்வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே மேற்புள்ளி கிடைக்கும் என்பது விதி. ஆகவே, துளை வெட்டாகத் தெரிவது சுடுவோனுக்கும் நடுவருக்கும் ஒருங்கே நன்மை.

இவ்விடத்தில் .38 ஸ்பெஷல் தோட்டாவின் ஆதரவாளர் ஒரு வாதம் கூறுவர். அவர்களுடைய குண்டும் தட்டைமுகமாகக் கிடைக்கிறது. அதன் குறுக்களவு ஏறக்குறைய 9.1 மில்லிமீற்றர்; .32 குண்டினதோ 8 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பெரிய துளை கோட்டை எளிதில் தொடும் அல்லவா என்பர். கணக்குச் சரியே. ஆனால், அவ்வாதாயம் ஒவ்வொரு பக்கத்துக்கும் அரை மில்லிமீற்றரளவே. அதற்குக் கொடுக்கும் விலையோ மிகுந்த உதைப்பு. போதாததற்கு, பொறியமைப்பும் சிக்கலாகிறது. சிமித் அன்ட் வெசன் நிறுவனத்தார் 1961 இல் வெளியிட்ட 52 ஆம் இலக்கக் கைத்துப்பாக்கி .38 தட்டைக் குண்டுக்கென்றே ஆக்கப்பட்டது, அழகிய வேலைப்பாடுடையது. ஆயினும், அதன் குழல் ஒவ்வொரு வெடிக்கும் பூட்டினின்று சாய்ந்து விலகி மீண்டும் தன் இடத்துக்கு வரவேண்டியதாயிற்று. மயிரிழை பிசகாமல் அது திரும்பிவரத்தக்கதாகக் குழல்வாயில் திருகும் ஒரு வளையத்தை மிகக் கவனமாகப் பொருத்தினர். மென்மையான .32 தோட்டாவுக்கு இந்தப் பாடு வேண்டியதில்லை. குழலைச் சட்டத்திலே அசையாது பொருத்திவிட்டு, பின்னாலுள்ள பூட்டின் பாரமும் வில்லின் இறுக்கமும் மட்டுமே வெடியைத் தாங்கும்படி விடலாம். குழலும் குறிபார்க்கும் உறுப்புகளும் ஒன்றோடொன்று அசையாமல் நிற்கும். ஜெர்மனியின் வால்தர் நிறுவனத்தார் 1968 இல் வெளியிட்ட ஜீ.எஸ்.பீ. வகையும், இத்தாலியின் பார்டினி துப்பாக்கிகளும், சுவிற்சர்லாந்தின் ஹெமர்லி 280 உம் இவ்வழியிற் சென்றவையே.

எனினும், இத்தோட்டா தொல்லையற்றதன்று. ரிவோல்வருக்கெனப் பிறந்ததாகையால் இதன் அடியில் வெளிநீட்டிய விளிம்பு உண்டு. ரிவோல்வரில் அவ்விளிம்பு வேண்டியதே. அரைத் தன்னியக்கத் துப்பாக்கியிலோ தோட்டாக்கள் கூட்டினுள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுகின்றன. மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னே சிக்கினால், பூட்டு முன்வரும்போது இரண்டும் பிணங்கி நின்றுவிடும். அன்றியும், கூர்முனைக் குண்டு தானே வழுக்கிக் குழலறையினுட் புகும். தட்டைமுகமோ அறைவாயில் மோதும். ஆகையாற் கூடு தோட்டாவை ஏறக்குறைய நேர்கோட்டில் நீட்டவேண்டும். ஜீ.எஸ்.பீ.யிற் கூடு விசைக்கு முன்னே வைக்கப்பட்டதும், இத்தகைய துப்பாக்கிகளின் கூடுகள் ஐந்து தோட்டாவோடு நின்றுவிடுவதும் இவற்றோடு இயைந்தவை. வாங்குவோர் குழலை ஒளிக்கெதிரே பிடித்துப் பார்ப்பதோடு நிற்கின்றனர். கூட்டின் உதடுகளைப் பார்ப்பவர் சிலரே. சுடும்போது தடங்கல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. மெழுகும் ஈயத்தூளும் அறைவாயிற் படிந்தாலும் இதுவே கதி. துடைக்கச் சோம்பும் ஒருவருக்கு இத்துப்பாக்கி ஏற்றதன்று.

இனி, விலையும் கிடைப்பும். பின்லாந்தின் லாப்புவா, இத்தாலியின் பியோக்கி போன்ற சில நிறுவனங்களே இத்தட்டைத் தோட்டாவைப் போட்டித் தரத்தில் ஆக்குகின்றன. விலை அதிகம். சுட்ட கோதுகளைப் பொறுக்கி வீட்டிலே மீள நிரப்புவோர் பலர். மருந்தின் அளவு மிகச் சிறிதாகையால், தவறி இருமுறை ஊற்றினாலும் கோது நிரம்பி வழிந்து எச்சரிக்காது. அத்தோட்டா துப்பாக்கியை உடைத்துக் கையையும் கெடுக்கக் கூடும். இதனால் ஒவ்வொரு கோதினுள்ளும் விளக்கொளியிற் பார்த்த பின்னரே குண்டை அழுத்துவது இவ்வேலை தெரிந்தோரின் வழக்கம்.

அருவழக்குத் தோட்டாவை நம்புவோர் மறக்கலாகாத ஒரு வரலாறும் உண்டு. விரைவுச் சூட்டுப் போட்டியில் நெடுங்காலமாக .22 ஷோட் என்னும் குட்டித் தோட்டா ஆண்டது. அதற்கென்றே மிக மென்மையான விசையுடன் நுட்பமான துப்பாக்கிகள் ஆக்கப்பட்டன. 2005 இல் நடைமுறைக்கு வந்த விதியானது அத்தோட்டாவை விலக்கி, வழமையான .22 லோங் றைபிளையும் 1000 கிராம் விசையையும் கட்டாயமாக்கிற்று. பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்ட அத்துப்பாக்கிகள் ஒரு விதித்தாளினால் அப்போட்டிக்கு உதவாதனவாயின. .32 க்கு அவ்வாறு நேரவில்லை. எனினும், இதற்கெனத் தனியே ஒரு துப்பாக்கியைத் தேடாது, ஒரே சட்டத்தில் .22 குழலையும் .32 குழலையும் மாற்றிப் பூட்டத்தக்க வகையைத் தெரிவதே புத்தி. அதே பிடியோடு மலிவான .22 இலே ஆண்டு முழுவதும் பழகலாம். விலையுயர்ந்த தோட்டாவைப் போட்டி நெருங்கும்போது எடுக்கலாம்.

பழைய துப்பாக்கி வாங்குவதிலும் அஞ்சவேண்டியதில்லை. மெல்லிய ஈயமும் குறைந்த வேகமும் குழலைத் தேய்ப்பது மிகச் சிறிது. தளர்ந்துபோவன வில்லும், அடிக்கும் ஊசியும், பூட்டின் மோதலைத் தாங்கும் சிறு துண்டுமே. அவற்றுக்கு மாற்றுறுப்புக் கிடைக்குமா என்பதை விலை பேசுமுன் விசாரித்தல் வேண்டும். மரப்பிடி கைக்கு இசையாவிடின் அரத்தாலும் மரப்பசையாலும் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அது மணிக்கட்டைத் தழுவி நிற்றலை விதி ஒப்பாது.

கடைசியிற் சோதனை. துப்பாக்கியை அசையாப் பிடியிற் பூட்டி, 25 மீற்றரில், வெவ்வேறு தொகுதி இலக்கமுள்ள தோட்டாக்களைப் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்ப்பர். ஒரே நிறுவனத்தின் ஒரே பெயருள்ள பெட்டிகளிலும் ஒரு தொகுதி துளைகளை நெருக்கும், மற்றொன்று விரிக்கும். பின்னர், சுடுவோன் தன் கையாற் பிடித்து, இருக்கும் கூடுகள் எல்லாவற்றிலும் மாற்றி மாற்றி, தடங்கலின்றி நூறு குண்டாவது சுடவேண்டும். இரண்டிலும் தேறிய தொகுதியின் இலக்கத்தைப் பெட்டியின் ஓரத்திலிருந்து குறித்துக்கொண்டு, அதே இலக்கமுள்ள பெட்டிகளை உரிமப் பத்திரம் அனுமதிக்கும் அளவுக்கு ஒருங்கே வாங்கிவிடுவர்.