பரிசு அட்டையும் சிறு கடையும்



சமணச் சிற்பங்களைக் காணச் சிதறால் மலைக்கு வருவோரும், பண்டிகைக்குப் பொருள் வாங்கும் உள்ளூராரும் நம் கடைகளுக்கு ஆதாரமாவர். அவர்களுக்காக, கருவியருகே காட்டினாலே கணக்குத் தீரும் பரிசு அட்டையில் நாம் முதலிடலாமா என்பதே கேள்வி.

அட்டை விற்றவுடன் பெட்டியில் சேரும் பணம் இலாபமன்று. சரக்காகத் திருப்பித் தரவேண்டிய கடனாகும். அதனை வேறு செலவுக்கு எடுத்துவிட்டால், கிறிஸ்துமஸுக்கு அட்டையுடன் வருவோருக்குக் கொடுக்கச் சரக்கு இராது.

ஒரு கடை தன் சரக்குக்கு மட்டும் வழங்கும் அட்டைக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. ஆகவே, அங்கே வாங்குவோருக்குப் பிணை கடைக்காரரின் நாணயமே. வங்கிகள் வழங்கும் பரிசு அட்டைகளுக்கோ 2021ஆம் ஆண்டு விதிகள் ரூ. 10,000 என உச்சவரம்பு வகுத்தன.

2016இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில், அச்சிட்ட குறியீட்டுத் தாள் ஒன்றே பணம் பெறப் போதும். ஆதலின், அட்டைக் கருவிக்குக் கடன் வாங்குமுன், எண்ணிட்டு முத்திரையிட்ட காகிதப் பரிசுச் சீட்டுகளை ஒரு பண்டிகைக் காலத்தில் விற்றுப் பார்ப்போம். அத்தொகையைத் தனிக் கணக்கில் வைப்போம். சீட்டுகள் பெருகி, கையால் கணக்கெழுதுவதே சுமையாகும்போது அட்டைக்கு முதலிடலாம். அதுவரை பொறுத்திருப்பதே சிறு முதலுக்கு ஏற்ற வழியென்று கருதுகிறோம்.