பிறந்த தேதி ஒரு நாள் பின்னால் போவது ஏன்?

(இணையவழிச் சேவைகள் குறித்துப் பொதுமக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு வருமானச் சான்றிதழோ, கல்வி உதவித்தொகையோ, எதுவானாலும் போனிலேயே விண்ணப்பிக்கிறோம். எந்தப் படிவத்தைத் திறந்தாலும் ‘பிறந்த தேதி’ என்று ஒரு கட்டம் இருக்கும். நாமும் நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிடுவோம்.

அந்தத் தேதி ஒரே ஒரு நாள் மாறினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஆதாரில் ஜூன் 5, மதிப்பெண் பட்டியலில் ஜூன் 5, புதிதாக வந்த ஆவணத்தில் மட்டும் ஜூன் 4. ‘ஆவணங்கள் பொருந்தவில்லை’ என்று விண்ணப்பம் திரும்பி வரலாம். நாம சரியாத்தான் கொடுத்தோம், அப்புறம் எப்படி மாறிச்சு? அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

கணினிகள் நேரத்தை வைத்துக்கொள்ள ஒரு பொதுவான வழி இருக்கிறது. 1970 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி என்பதைப் பூஜ்யமாக வைத்து, அதிலிருந்து எத்தனை நொடி ஓடியிருக்கிறது என்று எண்ணும். ஒரு நாளுக்கு 86,400 நொடி. இப்படிக் கிடைக்கும் எண்ணைத்தான் ‘டைம்ஸ்டாம்ப்’, அதாவது நேரமுத்திரை என்கிறார்கள். பைத்தான் மொழி இதை நொடியில் தரும். ஜாவாஸ்கிரிப்ட் மில்லி நொடியில் தரும். 1970-க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு இந்த எண் மைனஸில் வரும். அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்த நள்ளிரவு 12 மணி நம்ம ஊர் நள்ளிரவு இல்லை. யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. நொடியில் சொன்னால் 19,800. நம்ம பிறந்த தேதி சிக்கிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாணவியின் பிறந்த தேதி 2006 ஜூன் 5. படிவத்தில் அதைத் தேர்ந்தெடுக்கிறார். நேரம் எதுவும் கொடுக்கவில்லை. அதனால் நிரல் தானாகவே நள்ளிரவு 12 மணி என்று வைத்துக்கொள்கிறது, அதுவும் இந்திய நேரப்படி. அதற்கான நேரமுத்திரை 1,14,94,45,800. இதையே யூடிசியில் படித்தால் ஜூன் 4, மாலை 6.30 மணி. ஜாவாஸ்கிரிப்டில் ‘டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்’ என்ற கட்டளை யூடிசி நேரத்தைத்தான் எழுதித் தரும். நிரல் எழுதியவர் அதில் முதல் பத்து எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்துச் சேமித்தால், பதிவாவது ஜூன் 4. யாரும் தவறாகத் தட்டச்சு செய்யவில்லை. ஆனாலும் ஒரு நாள் போயிடுச்சு!

அடுத்த சிக்கல் வரிசை. 05/06/2006 என்று எழுதினால் நமக்கு அது ஜூன் 5. அமெரிக்க வழக்கத்தில் முதலில் மாதம் வரும், அதனால் மே 6. ஜாவாஸ்கிரிப்டும் இதை மே 6 என்றுதான் எடுத்துக்கொள்ளும். 13-ம் தேதியிலிருந்து இந்தக் குழப்பம் உடனே தெரிந்துவிடும், ஏன்னா 13-வது மாதம் கிடையாது. 12-ம் தேதி வரைக்கும்தான் தவறு சத்தமில்லாமல் உள்ளே போகும். இதைத் தவிர்க்கத்தான் வருடம், மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதாக, 2006-06-05 என எழுதும் சர்வதேச முறை இருக்கிறது.

சில நேரம் ஆவணத்தில் சம்பந்தமே இல்லாமல் 01-01-1970 என்று வரும். காரணம் இப்போ உங்களுக்கே புரிஞ்சிருக்கும். தேதி பதிவாகாமல் காலியாக இருந்து, நிரல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். உண்மையிலேயே அன்று பிறந்தவர்களைத் தவிர, மற்றவர்கள் இந்தத் தேதியைப் பார்த்தால் உடனே திருத்தம் கேளுங்க.

இந்தக் கூட்டத்தில் கணினி படிக்கும் மாணவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. கட்டணம் செலுத்தியது, விண்ணப்பம் அனுப்பியது எல்லாம் ஒரு குறிப்பிட்ட நொடியில் நடப்பவை. அவற்றுக்கு நேரமுத்திரை வேண்டும். பிறந்த தேதி அப்படி இல்லை. அது ஒரு நாள், எந்த நாட்டில் இருந்து பார்த்தாலும் மாறக் கூடாது. அதை வருடம், மாதம், நாளாக அப்படியே சேமியுங்கள். தரவுத்தளங்களில் இதற்கென்றே ‘டேட்’ என்ற வகை இருக்கிறது. கடைசித் தேதிக்கும் கவனம் தேவை. 31-ம் தேதி என்று மட்டும் கொடுத்தால், நிரல் அதை 31 தொடங்கும் நள்ளிரவாக எடுத்துக்கொண்டு, மக்களுக்கு முழுதாக ஒரு நாளை இழக்க வைக்கும். இரவு 11.59.59, இந்திய நேரம் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

மற்ற அனைவரும் செய்ய வேண்டியது நான்கு.

ஒன்று, தேதியைத் தட்டச்சு செய்வதைவிட, நாட்காட்டி வசதி இருந்தால் அதில் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு, போனில் தேதி, நேரம், நேர மண்டலம் தானாக அமையும்படி வையுங்கள்.

மூன்று, சமர்ப்பிக்கும் முன் ஒரு முறையும், ஒப்புகைச் சீட்டு வந்த பிறகு ஒரு முறையும் தேதியைப் பாருங்கள். நாம் கொடுத்தது ஒன்று, அங்கே பதிவானது வேறொன்றாக இருக்கலாம்.

நான்கு, தவறு இருந்தால் அந்த ஆவணத்தை வேறு எங்கும் கொடுக்காதீர்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் கொடுத்த தேதி எது, பதிவான தேதி எது என்று இரண்டையும் எழுதித் திருத்தம் கேளுங்கள். ‘ஒரு நாள் குறைவாக வருகிறது’ என்று நீங்கள் எழுதும் அந்த ஒரு வரியே, பிழையைத் தேடுபவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டிவிடும். அது சரியானால், உங்களுக்குப் பின்னால் விண்ணப்பிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சரியாகும்.